சட்டி தண்ணி குடிக்கும் சத்தம்

போன மாரிக்கு ஊரில் நின்றேன். ஒருநாள் காலை கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, கல்முனைச் சந்தையில் வாங்கிவந்த புதுச் சட்டியை அக்கா கொண்டுவந்து தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தினாள். மீன் ஆக்குகிற அளவான சட்டி. அமிழ்த்திவிட்டுத் தன் பாட்டில் குசினிக்குள் போய்விட்டாள். எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. சத்தம் என்று சொல்லும் அளவுக்குக்கூட இல்லை. காய்ந்த இலையில் நூறு எறும்பு ஊர்ந்தால் எப்படியோ, அப்படி ஒரு ‘சிர்ர்ர்’. சட்டியின் உடம்பெல்லாம் ஊசிமுனைக் குமிழிகள் கிளம்பி மேலே வந்து உடைந்தன. கூடவே மணம். முதல் மழை விழுந்த வயலின் மணம் என்று எழுதலாம். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் புதுச் சட்டியின் மணத்துக்குள் வைக்கோல் கருகிய வாசமும் கொஞ்சம் கிடக்கும்.

வாளிக்கு மேல் காதை வைத்துக் குந்தியிருந்தவனை அக்கா கண்டுவிட்டாள்.

“என்னடா தம்பி, சட்டி உனக்கு என்ன சொல்லுது?”

“தண்ணி குடிக்குது அக்கா.”

“அறுபது வயசு தாண்டியும் இப்பிடி ஒரு ஆள்” என்று சொல்லிக்கொண்டே தேங்காய் திருவப் போய்விட்டாள்.

இந்தச் சத்தத்தை நான் இரண்டு இடங்களில் கேட்டிருக்கிறேன். ஒன்று எங்களூர் வயலோரம். மற்றது ஒல்லாந்தின் வடக்கில், ஃபிரீஸ்லாந்தில், கடலணைக்கு இப்பால் ஒதுங்கிக் கிடந்த ஒரு சிற்றூரின் பீங்கான் பட்டறை. பீங்கான் என்று பழக்கத்தில் சொல்கிறேன். அது பீங்கான் இல்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

விபுலானந்த அடிகள் 1892-ல் பிறந்த ஊர் என்றால் வெளியாருக்குக் காரைதீவு விளங்கும். பெயரில்தான் தீவு. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் வயல், வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், தெற்கே நிந்தவூர். மாரி வெள்ளம் ஏறி வயலெல்லாம் நீராகிக் கிடக்கும் சில நாட்களில் மட்டும் பெயர் பொருந்தும். அந்த வயலைக் குறுக்கறுத்துப் போகும் வழியில், ஒரு வாய்க்கால் வளைவில், சட்டிபானை வனைகிற குடும்பம் ஒன்று இருந்தது. வளவுக்குள் காலை வைக்க முன்பே புகைமணம் வந்து ஆளைப் பிடிக்கும்.

அக்காவின் கலியாணத்துக்குப் பானை சொல்லிவைக்க அப்பா என்னைத்தான் அனுப்பினார். பத்துப் பதினொரு வயது இருக்கும். மணவறைக்கு அரசாணிப் பானைகள், பாலிகைக்குச் சின்னச் சட்டிகள், சமையலுக்குப் பெரிய பானை இரண்டு. கணக்கை மறந்துவிடாமல் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனேன். போன இடத்தில் கணக்கும் மறந்தது, வீடும் மறந்தது.

கிழவர் சக்கரத்தை ஒரு தடியால் உந்திச் சுழற்றிவிட்டுக் குந்தினார் என்றால், அது ஓய்வதற்குள் ஒரு பானையின் கழுத்தும் தோளும் எழும்பிவிடும். கழுத்தும் தோளும்தான். அடி இராது. ஓட்டை. பானை என்பது சக்கரத்திலேயே முடிந்துவிடும் என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம். கொஞ்சம் காயவிட்டு, மடியில் வைத்து, உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டுவார். டொப், டொப், டொப். தட்டத் தட்டச் சுவரின் மண் கீழே இறங்கி, அடி மூடிக்கொண்டு, பானை வயிறு வைக்கும். கை எங்கே தட்டுகிறதோ அதற்கு நேர் உள்ளே கல் நிற்க வேண்டும். அவர் கண் பானையில் இராது. தூரத்தில் யாரோ மாடு சாய்த்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மண் மிதிப்பது மகன்மாரின் வேலை. குளத்தடி மண்ணைக் குவித்து, ஊறவிட்டு, மணல் கலந்து, வட்டமாகச் சுற்றிச் சுற்றி மிதிப்பார்கள். காலில் ஒரு கல் பட்டால் நின்று, குனிந்து, எடுத்து எறிந்துவிட்டு மிதிப்பார்கள். “கண்ணுக்குத் தப்பின கல்லு காலுக்குத் தப்பாது” என்று ஒருவன் எனக்குச் சொன்னான். சூளையென்று தனியே கட்டியதில்லை. பானைகளை அடுக்கி, பொச்சுமட்டையும் வைக்கோலும் போட்டு, மேலே சேற்றால் மெழுகி, பொழுதுபட நெருப்பு வைப்பார்கள். விடிய வந்து பிரிப்பார்கள். உடைந்தது போக மிச்சம் வீட்டுக்கு.

கலியாணப் பானைகள் அப்படியே வருவதில்லை. அவற்றுக்கு ஒரு சோடனை உண்டு. அதைச் செய்பவள் கிழவரின் மனைவி. நாங்கள் சட்டிக்கார ஆச்சி என்போம். சிப்பிச் சுண்ணாம்பைக் கரைத்து, வடித்து, பானைக்கு வெள்ளை அடிப்பாள். சுட்ட பானை அந்தச் சுண்ணாம்புத் தண்ணியை ‘சிர்ர்’ரென்று இழுக்கும். இழுத்த மாத்திரத்தில் மேலே மாவு பிடித்த மாதிரி வெள்ளை நின்றுவிடும். அதன் மேல் காவியால் ஒரு கோடு, பிறகு நீலத்தால் கொடி. நீலம் என்றால் வேறொன்றுமில்லை, வேட்டிக்குப் போடுகிற நீலம்தான். கடையில் பொட்டலமாக வாங்குவது. தூரிகை, தாழம் விழுதின் நுனியை அம்மியில் வைத்து நசுக்கியது. பானையை இடக்கையால் மெல்ல மெல்லக் கிறுக்கிக்கொண்டு வலக்கையை அசைக்காமல் வைத்திருப்பாள். கொடி தானாக ஓடி, தொடங்கின இடத்தில் போய்ச் சேரும். இலை, மொட்டு, நடுவில் ஒரு கிளி. அந்தக் கிளிக்குக் கழுத்து எப்போதும் கொஞ்சம் நீளம். கொக்கு என்று நான் சொல்லப்போய் ஏச்சு வாங்கினேன்.

வாய் உடைந்த பானை ஒன்றைத் தந்து என்னையும் கீறச் சொன்னாள். நான் மீன் கீறினேன். வால் பிழைத்தது. விரலால் அழிக்கப் பார்த்தேன், வெள்ளையும் சேர்ந்து வந்துவிட்டது. முகம் கறுத்து நின்ற என்னைப் பார்த்து ஆச்சி சிரித்தாள்.

“பிழைச்சா என்ன மனே? மறுகா வெள்ளை அடி. மறுகா கீறு.”

அந்த வாரத்திலேயே இன்னொருவரும் எங்கள் வளவுக்கு வந்தார். சாய்ந்தமருதிலிருந்து ஈயம் பூசுகிற காக்கா. கலியாணச் சமையலுக்கு இரவல் எடுத்திருந்த செப்புக் கிடாரங்களுக்குப் பூச்சுப் போயிருந்தது. முற்றத்தில் சின்னக் கிடங்கு வெட்டி, கரி போட்டு, தோல் துருத்தியை அமுக்கி ஊதினார். கிடாரம் சூடேறியதும் நவச்சாரத்தைத் தூவினார். வெள்ளைப் புகை குப்பென்று எழும்பி எங்கள் எல்லோரையும் இருமப் பண்ணியது. பிறகு ஒரு வெள்ளிக்குச்சியை உள்ளே தொட்டு இழுத்து, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினார். கறுத்துக் கிடந்த கிடாரத்துக்குள் நிலவு இறங்கின மாதிரி ஆகிவிட்டது. வாயைப் பிளந்து நின்ற என்னிடம் அந்தக் குச்சியில் ஒரு துண்டைத் தந்தார்.

“காதுக்குக் கிட்ட வச்சு வளைங்க தம்பி.”

வளைத்தேன். ‘கிரிச்’ என்றது. பல்லைக் கடிப்பது போல, உள்ளுக்குள் ஏதோ முறிவது போல ஒரு சத்தம்.

“அழுகுதா? நல்ல வெள்ளீயமெண்டா வளைக்கக்குள்ள அழும். காரீயம் அழாது. அப்பிடித்தான் நாங்க கலப்படம் புடிக்கிற.”

ஈயம் பூசுகிறது என்று நாம் சொன்னாலும் பூசுவது வெள்ளீயம் என்ற பாடத்தை அன்றைக்குக் கற்றேன். பள்ளிக்கூடத்தில் பிறகு யாரும் இதை இத்தனை தெளிவாகச் சொல்லித் தரவில்லை.

கலியாணத்தன்று பகல் முழுக்க நல்ல வெயில். மாப்பிள்ளை வரும் நேரம் பார்த்து, பருவம் தப்பிய ஒரு மழை. பந்தலின் கிடுகு ஒழுகி, வாசலில் வைத்திருந்த பானைகளின் நீலம் வழிந்தது. கிளிகள் எல்லாம் கரைந்து கண்ணீர்விட்டுக்கொண்டு நின்றன. அக்கா உள்ளே அழுதாள். கலியாணத்துக்கு வந்திருந்த ஆச்சி அதைப் பார்த்து, “அம்மன் குளிர்ந்திட்டா, இதுக்கேன் அழுகிற?” என்றாள். வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிற ஊரில் அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அழுகை நின்றது. கறுப்புவெள்ளைப் படத்தில் அந்தப் பானைகள் பின்னால் தெரிந்தன. வழிந்த கோடுகள், வேண்டுமென்றே போட்ட சித்திரம் போலவே இருந்தன.

சாப்பாட்டுக்கு வாழையிலை போதாமல், மாளிகைக்காட்டு ராத்தா ஒரு பெட்டி நிறையப் பீங்கான் தந்துவிட்டிருந்தார். ஓரத்தில் நீலப் பூ ஓடிய, கை வைத்தால் வழுக்குகிற தட்டுகள். அவர்கள் வீட்டு விசேஷங்களில் ஒரு சஹனைச் சுற்றிப் பலர் இருந்து சாப்பிடுவார்கள். தனித்தனிப் பீங்கான் வெளியாட்களுக்குத்தான். அவை எண்ணி வந்தன, எண்ணித் திரும்பின. ஒன்று உடைந்தது. அதை உடைத்தவன் நான். ராத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடைந்த ஓரத்தைப் பார்த்தபோது உள்ளேயும் வெள்ளையாக இருந்தது எனக்கு ஆச்சரியம். வெள்ளை பூசியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், ஆச்சியின் பானை மாதிரி.

பிறகு எண்பதுகளின் நடுப்பகுதி வந்தது. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் தீ மூண்டது. இரவல் வாங்கிய கிடாரமும் பீங்கானும் திரும்பிப் போகாமல் கிடந்த வீடுகள் இரு பக்கத்திலும் இருந்தன. நான் கொழும்புக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ சுற்றி ஒல்லாந்தில் இறங்கினேன். அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

ஹார்லிங்கன் துறைமுகத்துக்குக் கிட்ட எனக்கு முதலில் கிடைத்தது மீன் வெட்டுகிற வேலை. கடற்கரை ஊர்க்காரனுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை, குளிரைத் தவிர. அறைத் தோழன் ஒருவன்தான், பக்கத்துக் கிராமத்தில் ஒரு வயோதிபர் மண் குழைக்க ஆள் தேடுகிறார் என்று சொன்னான். சைக்கிளில் போனேன். கதவைத் திறந்ததும் ஈரமண் மணம். அந்த நாட்டில் கால் வைத்து இரண்டு வருடத்தில் எனக்குத் தெரிந்த முதல் மணம் அது. என்ன சம்பளம் என்று கேட்காமலேயே தலையாட்டிவிட்டேன். கேட்டிருக்கலாம்.

தன் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார் அவர். எழுபதை எட்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வளையவில்லை. ‘மெனேயர்’ என்றேன். ஐயா என்பது போல. கடைசி வரைக்கும் அதுவே நின்றது.

அங்கே மண்ணும் வயல் மண்தான். கடலை அணைகட்டித் தடுத்து எடுத்த நிலம், மாரிக் காரைதீவை விடத் தாழ்வானது. அந்தக் கடல் மண்ணில் சுண்ணாம்பு ஊறிக் கிடக்கும். சுண்ணாம்பில்லாத மண்ணில் வெள்ளைப் பூச்சு வெடித்துப் போகுமாம். மண்ணும் பூச்சும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்க வேண்டும். வனைந்த தட்டை முதலில் ஆயிரம் பாகை அளவில் சுட்டு எடுப்பார்கள். அப்போது அது எங்களூர் ஓடு மாதிரி மங்கல் நிறம். பிறகுதான் பூச்சு. கண்ணாடியாக உருகும் மாவில் வெள்ளீயச் சாம்பலைச் சேர்த்துக் கரைத்த, பால் போன்ற குழம்பு. பழைய காலத்தில் காரீயமும் சேரும். அது நஞ்சு என்று எங்கள் பட்டறையில் கைவிட்டிருந்தார்கள். மெனேயர் ஒரு தட்டை இடுக்கியால் பிடித்து அந்தக் குழம்புக்குள் சரித்து, ஒரு மூச்சு நேரம் வைத்து, தூக்கினார்.

சிர்ர்ர்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணைச் சிமிட்டி, “தண்ணி குடிக்கிறது” என்றார், அவருடைய மொழியில். அன்றைக்கு எனக்கு ஒல்லாந்த மொழி அரைகுறை. ஆனால் அந்த வாக்கியம் முழுதாக விளங்கியது.

தட்டு தண்ணீரைக் குடித்துவிட, மேலே வெள்ளை மாவு ஒட்டி நிற்கும். அந்த மாவின் மேல்தான் சித்திரம் எழுத வேண்டும். இங்கேதான் ஆச்சியின் பாடம் உதவாமல் போனது. மாவு தூரிகையில் உள்ள ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும். கோடு நடுவில் நின்றால் அந்த இடம் மையாகத் திரளும். அழிக்க முடியாது. மறுகா வெள்ளை அடிக்கலாம் என்ற பேச்சே இல்லை. பிழைத்தால் கழுவி ஊற்றிவிட்டு, காயவைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிறமும் ஏமாற்றும். நீலம் தருகிற கோபால்ட்டு மண், சூளைக்குப் போகுமுன் வெறும் கரி நிறத்தில்தான் இருக்கும். எங்கே அடர்த்தி, எங்கே மென்மை என்பதை எழுதுகிறவன் மனசுக்குள் நீலமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எட்டு மாதம் எனக்கு மூலைகள்தான் தந்தார். ஒல்லாந்துச் சுவர் ஓடுகள் பதின்மூன்று சென்ரிமீற்றர்ச் சதுரம். நடுவில் ஒரு கப்பல், ஒரு இடையன், பட்டம் விடுகிற பிள்ளை என்று ஏதாவது இருக்கும். நான்கு மூலையிலும் ஒரே சின்ன உரு. ‘எருதுத் தலை’ என்று ஒன்று, ‘சிலந்தி’ என்று ஒன்று. நாலு ஓட்டைச் சேர்த்துப் பதித்தால் மூலைகள் கூடி ஒரு பூவாகிவிடும். நடு உருவுக்கு ‘ஸ்பொன்ஸ்’ என்று ஊசியால் துளையிட்ட கடதாசி உண்டு. அதை ஓட்டின் மேல் வைத்துக் கரித்தூள் பொட்டலத்தால் ஒத்தினால் புள்ளி புள்ளியாக உரு இறங்கும். புள்ளிகளை மெல்லிய தூரிகையால் இணைத்தால் கோடு. ‘ட்ரெக்கர்’ என்பது அந்தத் தூரிகை. புள்ளி வைத்துக் கோலம் போடும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதிதில்லை என்று நினைத்தேன். கோலப் புள்ளியைச் சுற்றித்தான் அவர்களின் கோடு போகும், இங்கே புள்ளியின் மேலேயே போக வேண்டும். அதற்கு என் கை பழக ஒரு வருடம் எடுத்தது.

ஒரு தடவை, பூச்சுப் போட்ட ஓடுகள் ஒரு பலகை நிறைய, அடுக்கிலிருந்து சரியப்போக, பதறிப்போய் இரு கையாலும் பிடித்தேன். ஓடுகள் பிழைத்தன. ஆனால் பிடித்த இடமெல்லாம் மாவு உதிர்ந்து என் விரல்கள் பதிந்துவிட்டன. மெனேயர் ஏசவில்லை. ஒன்றை மட்டும் கழுவாமல் அப்படியே சூளையில் வைத்தார். வெந்து வந்த வெள்ளையில் என் பெருவிரல் மண் நிறத்தில் சுட்டுக் கிடந்தது. அதை யன்னலோரம் சாத்திவைத்து, வருகிறவர்களிடம், “இது இவருடைய கையெழுத்து” என்று காட்டுவார். எனக்கு முதலில் வெட்கம். பிறகு நானே காட்டத் தொடங்கிவிட்டேன்.

சூளை ஆற ஒன்றரை நாள் செல்லும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர் காற்றுப் பட்டு எல்லாம் வெடிக்கும். அந்த ஒன்றரை நாளும் மெனேயர் கதை சொல்லும் நாள். பட்டறைப் பொருட்கள் பீங்கானில்லை என்ற கதையை அப்போதுதான் சொன்னார். பீங்கான் சீனத்துச் சரக்கு. வெண்களிமண்ணையே கல்லாக வேகவைப்பது. உடைத்தாலும் உள்ளே வெள்ளை. ராத்தாவின் தட்டு ஞாபகம் வந்தது எனக்கு. சீனத்து வெள்ளையைப் பார்த்து ஆசைப்பட்ட மற்ற நாட்டுக் குயவர்களிடம் அந்தக் களிமண் இல்லை. 9-ஆம் நூற்றாண்டளவில் ஈராக்கின் பஸ்றாவில்தான், வெள்ளீயத்தைச் சேர்த்த பூச்சால் சாதாரண மண்ணை மூடி, அதன் மேல் கோபால்ட்டு நீலத்தால் எழுதும் உபாயம் துலங்கியது. அங்கிருந்து எகிப்து, ஸ்பெயின், இத்தாலி என்று நடந்து, 16-ஆம் நூற்றாண்டில் அன்ற்வேர்ப்புக்கும் பிறகு டெல்ஃப்ட்டுக்கும் வந்தது. 1603-ல் மலாக்கா நீரிணைப் பக்கம் ஒல்லாந்தர் ஒரு போர்த்துக்கேயக் கப்பலைப் பிடித்தார்கள். அதிலிருந்த சீனப் பீங்கானை மறுவருடம் அம்ஸ்ரர்டாமில் ஏலம் போட, நாடே நீலவெள்ளைப் பைத்தியமாகிவிட்டது. 1644-ல் சீனாவில் மிங் அரசு விழுந்து சரக்கு வரத்துக் குறைந்தபோது டெல்ஃப்ட்டின் குயவர்களுக்கு அடித்தது யோகம். நொடித்துப்போன மதுவடிசாலைகளின் கட்டடங்களுக்குள் சூளை வைத்து, பழைய பெயர்ப்பலகையைக் கூட மாற்றாமல் தொழில் நடத்தினார்களாம். கிராமங்களில் எங்களைப் போன்ற பட்டறைகள் ஓடும் தட்டும் செய்து பண்ணை வீடுகளுக்கு விற்றன.

பஸ்றாக் கதையை மாளிகைக்காட்டு ராத்தாவின் மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து வாங்கில் இருந்தவன். “அப்ப எங்கட ஆக்கள்தான் கண்டுபுடிச்ச எண்டு சொல்லு” என்றான். “அதான், அண்டைக்கு உடைச்ச பீங்கானுக்குக் காசு கேக்கல்ல.” மன்னார்ப் பக்கத்து மாந்தையில் 1980-களின் தொடக்கத்தில் ஜோன் காஸ்வெல் குழுவினர் தோண்டியபோது சீனத்துப் பீங்கானும் பாரசீக, அரபு நாட்டு மெருகிட்ட பாண்டங்களும் ஓட்டாஞ்சல்லியாகக் கிடைத்தன என்று பின்னால் படித்தேன். நம் கரைகளில் இந்த உடைவுகள் எப்போதோ வந்து விழுந்துவிட்டன.

வெள்ளீயத்துக்கும் ஒரு வம்சம் உண்டு. கலாய் பூசுவது என்கிறோமே, அந்தக் ‘கலாய்’ அரபி வழியாக வந்த சொல். அரபு மாலுமிகள் ‘கலா’ என்று குறித்த மலாயாக் கரைத் துறைமுகத்தின் பெயரால் அது வந்தது என்பார்கள். அந்தத் துறையை நம் கடாரத்தோடு சேர்த்துப் பார்க்கிறவர்களும் உண்டு. அது மெய்யென்றால், சாய்ந்தமருதுக் காக்கா எங்கள் முற்றத்தில் கிடாரத்துக்குப் பூசியது கடாரத்துச் சரக்கு. சொல்லாராய்ச்சிக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருக்கிறது.

மெனேயரிடம் ஒரு பழைய வரைபடத்தின் படி இருந்தது. ஒருநாள் மிகுந்த உற்சாகத்தோடு கொண்டுவந்து விரித்தார். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே தீவுகள். ஒல்லாந்தர் தங்கள் பட்டணங்களின் பெயர்களை அள்ளி வைத்திருந்தார்கள். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட், வேலணைப் பக்கத்துக்கு லைடன். இன்னொரு தீவுக்கு அம்ஸ்ரர்டாம். அடைப்புக்குறிக்குள் காரைதீவு. “உன் ஊர் அம்ஸ்ரர்டாம்!” என்று என் தோளில் அடித்தார். இல்லை மெனேயர், அது வேறு காரைதீவு, இப்போது காரைநகர் என்கிறார்கள்; என்னுடையது இந்தப் பக்கம், கிழக்கே, அது தீவே இல்லை என்று விரலை வரைபடத்தின் மறுகரைக்குக் கொண்டுபோனேன். அங்கே வரைபடம் முடிந்து மேசை தொடங்கியிருந்தது. மேசையில் ஒரு புள்ளி வைத்தேன். அவருக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் அதன் பிறகு என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது ‘அம்ஸ்ரர்டாம்காரர்’ என்பதை விடவில்லை.

ஊருக்கு முதல் தடவை திரும்பிப் போகும்போது ஒரு தட்டு எழுதிக்கொண்டு போனேன். கப்பலும் இடையனும் இல்லை. ஆச்சியின் கொடி, கழுத்து நீண்ட கிளி. எட்டுத் தட்டுக் கெட்டு ஒன்பதாவது தேறியது. சூளையிலிருந்து எடுத்தபோது கிளி நீலமாகி, நீலம் மெருகுக்குள் கொஞ்சம் கசிந்து, ஓரங்கள் பனிக்குள் தெரிவது போல இருந்தது. எந்த மழைக்கும் இது வழியாது என்று பெருமையோடு உடுப்புகளுக்கு நடுவில் சுற்றி எடுத்துப் போனேன்.

அம்மா அதை வாங்கி, முதலில் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு விளிம்பைப் பிடித்துத் தூக்கி நடுவிரலால் சுண்டினாள். சட்டி வாங்கப் போனால் சுண்டிப் பார்க்காமல் வாங்காத கை. பீங்கான் என்றால் ‘ணங்’. தட்டு ‘டொக்’ என்றது.

“பீங்கான் எண்டு சொன்னாய். இது மண்ணுதானே மனே.”

ஒல்லாந்தின் பண்ணை வீட்டுக்காரர்களும், பெரிய பட்டணத்து விருந்தாளிகளும் நானூறு வருடமாகப் பீங்கான் என்று பாவித்ததை அம்மா ஒரு சுண்டில் கண்டுபிடித்துவிட்டாள். மெனேயரிடம் இதைச் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். உன் அம்மாவை இங்கே தரம் பார்க்க வேலைக்கு வைக்கலாம் என்றார்.

அம்மா அந்தத் தட்டைச் சாமியறையில் வைத்துப் பூப் போடப் பாவித்தாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு அக்காவுக்கு. அம்மாவுக்குப் பிறகு தட்டும் அக்காவுக்கே போனது. 2004 மார்கழியில் கடல் வந்தபோது கடலோரம் இருந்த அந்த வீடு போனது. கலியாணப் படமும் தட்டும் அதோடு போயின. ஆட்கள் தப்பியது போதும் என்று அன்றைக்கு நினைத்தோம். தப்பாத வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. தட்டைப் பற்றி அக்கா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், பல வருடம் கழித்து: “அந்தக் கிளித் தட்டு மாதிரி இன்னொண்டு கீறுவியா?” அதற்குள் மெனேயர் இல்லை. அவர் பிள்ளைகள் பட்டறையை விற்றுவிட்டார்கள். சூளை இருந்த இடத்தில் இப்போது கோடைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்குச் சைக்கிள் விடுகிறார்கள்.

வாய்க்கால் வளைவின் வளவையும் இந்த முறை போய்ப் பார்த்தேன். அங்கே வீடுகள் எழும்பிவிட்டன. மண் மிதித்த மகன்மாரில் ஒருவரைத் தெரியும் என்று சொன்னவர்கள், அவர் ஓட்டோ ஓடுகிறார் என்றார்கள். எங்கள் பக்கத்தில் எருமைத் தயிர் இன்னமும் சட்டியில்தான் விற்கிறது, அது ஒரு ஆறுதல். அந்தச் சட்டிகள் தூரத்திலிருந்து லொறியில் அடுக்கி வருகின்றன. எல்லாம் ஒரே அளவு, ஒரே கழுத்து. அக்காவுக்கு அவற்றில் திருப்தியில்லை. “கல்லு வச்சுத் தட்டினதில்ல, அச்சில அமத்தினது” என்கிறாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். சட்டியை எடுத்துக் கவிழ்த்து அடியைத் தடவிக் காட்டினாள். தட்டின சட்டியின் அடியில் பலகையின் தடம் தட்டுப்படும். இதில் ஒன்றுமில்லை.

ஆனாலும் தண்ணி குடித்தது. நான் வாளிக்குப் பக்கத்தில் அப்படியே குந்தியிருந்தேன். குமிழிகள் குறைந்து, ஒன்றிரண்டாகி, சத்தம் அடங்கப் பார்த்தது. அடியில் ஒரு மூலையில் மட்டும் இன்னும் ஒரு சின்ன நூலாக ஏறிக்கொண்டிருந்தது.

“காணும் தம்பி, எடு” என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. “கஞ்சித் தண்ணி ஊத்திக் கொதிக்க வைக்கணும். கீரி மீன் வெட்டிக் கிடக்கு. பூனை வருது.”